பின்னிய பொம்மைக்கு அடக்க விலை என்ன?



துவரம் பருப்பு, மல்லி, வத்தல் என்று எழுதிவந்த நாம் இந்த மாதம் நூல் பொம்மையைப் பற்றி எழுதப் புகுந்திருப்பதைக் கண்டு சிலர் சிரிக்கக்கூடும். "அண்ணாச்சிக்கு வயசாயிருச்சு, பேரப்பிள்ளைகளோட உக்காந்து பொம்மை விளையாடுதாரு" என்று பேட்டையில் பேச்சும் எழலாம். எழட்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மொத்த வியாபாரம் செய்த நாம், ஒரு சாண் உயரமுள்ள யானைப் பொம்மையில் கணக்குத் தப்பினோம். மூட்டைக் கணக்கில்கூட அப்படித் தப்பியதில்லை. அந்தக் கணக்கை நம் வணிகர்கள் முன் விரித்துவைப்பது நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறோம்.

நம் துணைவியார் பள்ளி நாட்களில் தையல் வகுப்பில் குரோஷா கற்றவர். நுனியில் கொக்கி வைத்த ஒற்றை ஊசி, ஒரு நூல் உருண்டை, இவ்வளவுதான் முதலீடு. கல்யாணமாகி வந்த புதிதில் நம் வீட்டில் ரேடியோவுக்கு உறை, மேசைக்கு விரிப்பு, பிறகு தொலைக்காட்சிப் பெட்டிக்கு உறை என்று எல்லாவற்றுக்கும் வெள்ளை நூலில் சட்டை போட்டுவிட்டார். அப்புறம் பிளாஸ்டிக் ஒயர் கூடை பின்னும் காலம் வந்தது. அப்புறம் பிள்ளைகள், படிப்பு, கல்யாணம். கொக்கி ஊசி தையல் மெஷின் டப்பாவில் போய்ச் சேர்ந்தது.

2020 ஊரடங்கில்தான் அது மீண்டும் வெளியே வந்தது. நாம் மதியம்வரை கடையில் முகமூடி போட்டுக்கொண்டு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தோம். பெங்களூரில் இருக்கும் மகள் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று செல்போனில் ஒரு படம் அனுப்பினார். குரோஷா ஊசியால் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்த ஒரு கரடிக்குட்டி. அதற்கு அமிகுருமி என்று பெயராம். ஜப்பானியச் சொல். பின்னுவதற்கு 'அமி' என்றும், பஞ்சடைத்த பொம்மைக்கு 'நுயிகுருமி' என்றும் அங்கே சொல்வார்கள்; இரண்டையும் சேர்த்துச் சுருக்கிய பெயர் இது. ஜப்பானில் தொடங்கிய இந்தப் பழக்கம் இன்று ஊர் ஊராகப் பரவிவிட்டது.

செய்முறையைச் சொன்னால்தான் பின்னால் வரும் கணக்கு விளங்கும். ஒரு நூல் வளையத்தில் ஆறு கண்ணி போட்டுத் தொடங்க வேண்டும். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு, இருபத்து நான்கு என்று சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் வட்டம் விரியும். 36 வந்ததும் கூட்டுவதை நிறுத்திப் பத்துச் சுற்று அப்படியே பின்னினால் கிண்ணம் மாதிரி எழும்பும். பஞ்சை அடைத்துக்கொண்டே ஆறு ஆறாகக் குறைத்து வந்தால் வாய் மூடி உருண்டையாகிவிடும். அதுதான் தலை. நாம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். விரியும்போது 126, நடுவில் 360, மூடும்போது 90. ஆக ஒரு தலைக்கு மட்டும் 576 கண்ணி. உடல், நான்கு கால், இரண்டு காது, துதிக்கை, வால் எல்லாம் சேர்த்தால் ஒரு யானைக்கு இரண்டாயிரத்தைத் தாண்டும். சுற்று எங்கே தொடங்கியது என்று மறந்துவிடாமலிருக்க வேறு நிற நூல் துண்டு ஒன்றை அடையாளமாகச் செருகி வைப்பார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போது எதைக் கேட்டாலும் பதில் வராது. காபி கேட்டாலும் வராது. சுற்று முடியும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டோம்.

பஞ்சு விஷயத்தில் நம் யோசனை ஒன்று தோற்றது. தலையணைக்கு உள்ளதுதானே என்று இலவம் பஞ்சு வாங்கிக் கொடுத்தோம். வீடெல்லாம் பறந்தது, துவைத்தபோது உள்ளே கட்டி கட்டியாகச் சேர்ந்துகொண்டது. பாலியஸ்டர் பஞ்சுதான் இதற்குச் சரி. நூலும் அப்படித்தான். லூதியானாவிலிருந்து வரும் உல்லன் நூல் குளிருக்கு ஏற்றது. நம் ஊர் வெயிலில் குழந்தை கையில் உறுத்துகிறது, நாளாக நாளாகப் பிசிறு தட்டுகிறது. பருத்தி நூலே மேல். ஊசியை நூலுக்குச் சொன்ன அளவைவிடச் சிறியதாக எடுத்துக் கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் கண்ணி இடைவெளியில் பஞ்சு எட்டிப் பார்க்கும்.

முதல் யானை பேத்திக்குப் போனது. இரண்டாவது முயல், சம்பந்தி வீட்டுப் பிள்ளைக்கு. பிறகு யார் வீட்டில் தொட்டில் கட்டினாலும் ஒரு பொம்மை போயிற்று. எதிர்க்கடை பாயின் பேரனுக்கு ஒட்டகம். லாரி செட்டுக்காரர் மகன் லாரிதான் வேண்டும் என்று அழுதான். லாரி பின்ன வராது என்று சொல்லி, அவர்கள் வண்டியின் மஞ்சளும் சிவப்புமான நிறத்தில் ஒரு யானை கொடுத்தார். நம் கணக்கப்பிள்ளையின் மகள் வளர்க்கும் பூனைக்குச் சண்டையில் ஒரு காது பாதி போயிருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பின்னிய பூனைக்கும் ஒரு காது பாதிதான். அதை வாங்கிப் பார்த்த பிள்ளை, "எங்க மணி!" என்று கத்தியதைக் கணக்கப்பிள்ளை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன தீபாவளிக்கு நாம் கொடுத்த போனஸைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நாம் கேட்டதில்லை.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில்தான் நாம் கைவைத்தோம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள். "இதை விக்கலாமே அண்ணாச்சி? கடையில இதுக்கு என்ன விலை தெரியுமா?" கேட்டுக் கேட்டு நமக்கும் கை அரிக்கத் தொடங்கிற்று. 2023 தீபாவளிக்கு முன்பு, மதுரையில் பேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் பழக்கமான ஒருவரிடம் ஒரு யானையைக் காட்டினோம். அறுபது உருப்படி, ஒன்றுக்கு 200 ரூபாய், நாற்பது நாளில் சரக்கு வேண்டும் என்றார். துணைவியாரைக் கேட்கக்கூட இல்லை. அங்கேயே சிட்டை எழுதிவிட்டோம். நூல், பஞ்சு, கண் எல்லாம் சேர்த்து 80. போக்குவரத்து 10. விற்பனை 200. லாபம் 110. அறுபதுக்கு 6,600. சிட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

பலசரக்கு வணிகர்களே, அந்தச் சிட்டையில் என்ன வரி விட்டுப்போயிருக்கிறது என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மூட்டை இறக்கினால் இறக்குகூலி எழுதுகிறோம். பருப்பைச் சலித்தால் சலிப்புக்கூலி எழுதுகிறோம். அறுபது யானைக்கு ஒன்றரை லட்சத்துக்கு அருகில் கண்ணி போட வேண்டிய கைக்கு நாம் ஒரு வரி எழுதவில்லை. வீட்டு ஆள்தானே! சும்மா இருக்கும் நேரம்தானே!

ஒரு யானைக்கு ஒன்பது மணி நேரம் ஆகும். அறுபதுக்கு 540 மணி. ஒருவரால் நாற்பது நாளில் முடியாது. தெருவில் மூன்று பெண்களைத் துணைக்கு அழைத்துக் கற்றுக்கொடுத்தார் துணைவியார். அவர்களுக்கு ஒன்றுக்கு நூறு ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்றார். நாம் 60 ரூபாய் என்று முடித்தோம். பேரம் பேசி மிச்சம் பிடித்துவிட்டதாக அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினோம். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மூவரும் 45, துணைவியார் 15 என்று பின்னி முடித்தார்கள். ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம், அறுபது யானை. நாற்பது நாளும் வீட்டில் பேச்சு இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மணிக்கட்டு வீங்கிக் களிம்பு தடவிக்கொண்டு பின்னினார். பேத்தி போனில் கூப்பிட்டால்கூட, "எண்ணிக்கிட்டிருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவார்.

சரக்கு மதுரை போயிற்று. பத்து நாளில் 22 உருப்படி திரும்பி வந்தது. ஒன்றுக்கொன்று உயரம் வித்தியாசம், சிலவற்றில் காது கோணல் என்று காரணம். நாலு பேர் கைபோட்டால் வித்தியாசம் வராமல் என்ன செய்யும்? ஒருவர் கண்ணியை இறுக்கிப் போடுவார், ஒருவர் தளர்த்திப் போடுவார். அதே எண்ணிக்கையில் பின்னினாலும் ஒரு யானை வளர்ந்திருக்கும், ஒரு யானை குறுகியிருக்கும். மீதி 38க்குப் பணம் மூன்று மாதம் கழித்து, ஐந்து சதக் கழிவு போக 7,220 ரூபாய் வந்தது. அறுபதுக்கும் போட்ட சாமான் செலவு 4,800, போக்குவரத்து 600. மிச்சம் 1,820. அதை 540 மணிக்குப் பங்கு போட்டால் மணிக்கு மூன்று ரூபாய் சில்லறை. மூன்று பெண்களுக்கும் பேசியபடி 2,700 கொடுத்ததில் நமக்கு 880 ரூபாய் கைநஷ்டம். துணைவியாரின் பதினைந்து யானைக்கு, பூஜ்யம்.

880 ரூபாய் ஒரு பெரிய தொகையா? ஒரு மூட்டையில் வண்டு விழுந்தால் அதைவிட அதிகம் போகும். நஷ்டம் வேறு இடத்தில் நடந்தது. அந்தப் பணம் வந்த அன்று துணைவியார் கொக்கி ஊசியை எடுத்துப் பழையபடி மெஷின் டப்பாவில் வைத்து மூடினார். பிறகு நம் தங்கை வீட்டில் பேரன் பிறந்தான். "மதினி, என் பேரனுக்கு என்ன பொம்மை?" என்று தங்கை ஆசையாகக் கேட்டார். "கடையில நல்லா கிடைக்குது, வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டார். தங்கை போன பின்பு என்ன இப்படிச் சொல்லிவிட்டாய் என்று கேட்டோம். "நீங்க இதுக்கு ரூபா சொல்லிட்டீங்கல்ல. ஊசியை எடுத்தா இப்ப எனக்கு யானை தெரியல, இருநூறு ரூபாதான் தெரியுது" என்றார். நாம் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

இதில் நமக்கு மட்டுமே வாய்த்த தனிப் புத்தி என்று எதுவும் இல்லை. வணிகர்களாகிய நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். 1980களின் கடைசியில் வத்தல் கொள்முதலுக்குக் குண்டூர் போனபோது, அங்குள்ள கமிஷன் மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக மேற்கு கோதாவரி மாவட்டம் நரசாப்பூர் வரை போக நேர்ந்தது. திண்ணைக்குத் திண்ணை பெண்கள் கொக்கி ஊசியோடு உட்கார்ந்து வெள்ளை நூலில் லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் கற்றுக்கொடுத்த தொழில் அது. ஏஜெண்டு வீட்டுக்கு வீடு நூல் கொடுப்பார், பின்னியதை வாங்கிப் போவார், அது வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறும். ஊரில் நல்ல மாடி வீடுகள் இருந்தன. யார் வீடு என்று கேட்டால் லேஸ் வியாபாரி வீடு என்றார்கள். பின்னுகிறவர்கள் வீடு எது என்று கேட்க அன்று நமக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் அம்மையார் 1982இலேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார் என்று நம் மகள் சொல்லித்தான் தெரியும். இவர்கள் வெறும் வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்று ஊரார் பெயர் வைத்துவிட்டதாலேயே கூலியைக் கீழே வைத்திருக்க முடிந்தது என்பது அதன் சாரமாம். மகள் அதைப் போனில் சொன்னபோது, நாம் அந்த மூன்று பெண்களுக்கு அறுபது ரூபாய் பேசிய இரவு ஞாபகத்துக்கு வந்தது. அதே வார்த்தையைத்தானே நாமும் சொன்னோம்? நரசாப்பூர் குரோஷா லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நல்ல செய்தி. பின்னுகிற கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே சிவகாசி, சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஒட்டிய வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். புளியை வீடுகளுக்குக் கொடுத்துக் கொட்டை எடுத்து வாங்குகிறவர்கள் இன்றும் நம்மில் பலர் உண்டு. கிலோவுக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். கிலோவுக்கு எத்தனை மணி என்று எவரும் கேட்பதில்லை.

இன்னொரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். நெசவுக்கு மெஷின் உண்டு, ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு. குரோஷாவுக்குக் கடைவீதிச் சரக்கு செய்யும் மெஷின் கிடையாது. ஒவ்வொரு கண்ணியையும் ஒரு கைதான் போட வேண்டும். ஆகவே எந்த ஊர்க் கண்காட்சியிலாவது உண்மையான குரோஷா பொம்மை நூறு ரூபாய்க்குத் தொங்கினால், "ஆகா, மலிவு" என்று மூட்டையாக அள்ளும் முன் ஒரு கணம் நின்று யோசியுங்கள். அந்த மலிவு மெஷினால் வந்ததல்ல. யாரோ ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் மணிக்கணக்கு அதில் இலவசமாகப் போயிருக்கிறது.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. அதையும் நாம் பார்க்கவில்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்பது 2020இல் வந்த மத்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணை. 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. மின்சாரம் இல்லாத பொம்மைகளுக்கான தரம் ஐ.எஸ். 9873. கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. நம் வீட்டில் பின்னிய நால்வரில் ஒருவருக்கும் அந்தப் பதிவு இல்லை. மதுரைக்காரர் திருப்பி அனுப்பிய மூட்டையோடு "முத்திரை உண்டா?" என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். வாங்கும்போது கேட்காததைத் திருப்பும்போது கேட்டார் என்பது வேறு விஷயம். பேன்ஸி சாமான், பொம்மை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும். தெரிந்த வீடு, கைவேலை என்பதெல்லாம் சோதனைக்கு வருகிறவரிடம் செல்லாது.

நிற்க. அந்த 22 யானையும் ஒரு சணல் சாக்கில், நம் கிட்டங்கியில் உளுந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஆறு மாதம் கிடந்தன. ஒரு நாள் துணைவியார் கடைக்கு வந்து, அந்தச் சாக்கை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை, பையனிடம் கொடுத்தனுப்பினோம். அன்றிரவு போய்ப் பார்த்தால் வட்டமாக யானைகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் பிளாஸ்டிக் கண்ணையும் கத்தரித்துக்கொண்டிருக்கிறார். தெருக்கோடி அங்கன்வாடியில் இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகள். கண்ணைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆவது? கறுப்பு நூலால் கண்ணைத் தைத்தே போட்டுவிட்டார். இது எல்லாரும் அறிய வேண்டிய விஷயம்: மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கொடுக்கும் பொம்மையில் பொத்தான், மணி, பிளாஸ்டிக் கண் ஆகாது. நூலால் தைத்த கண்தான் பத்திரம். கோணல் காதுகளையும் சரிசெய்தாரா என்று கேட்டோம். "அது எதுக்கு? பிள்ளைக அதை வச்சுத்தான் எது யாரோடதுன்னு அடையாளம் சொல்லும்" என்றார்.

அப்படியே ஆயிற்று. கோணல் காது யானைக்குத்தான் முதலில் சண்டை வந்ததாம்.

அதற்குப் பிறகு நாம் அந்த மூன்று பெண்களின் வீட்டுக்கும் போய், ஒன்றுக்கு இன்னும் நாற்பது ரூபாய் வீதம் 1,800 கொடுத்துவிட்டு வந்தோம். பேரேட்டில் இப்போது யானைக் கணக்கில் 2,680 நஷ்டம் என்று நிற்கிறது. கணக்கப்பிள்ளை அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். கூலி பாக்கி என்றே எழுதச் சொன்னோம்.

நாம் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் மறுத்தார். "விலை இல்லாததுக்கு மதிப்பு ஏது அண்ணாச்சி? சும்மா கொடுத்தா மூலையில போட்டுருவாங்க" என்றார். வியாபாரத்தில் அது சரிதான். இலவச இணைப்பைத் தெருவிலேயே போட்டுவிட்டுப் போகிற வாடிக்கையாளரை நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் டென்மார்க்கில் நடந்ததைப் பாருங்கள். 2013இல் அங்கே குறைமாதக் குழந்தைகளுக்காகத் தொண்டர்கள் ஆக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுக்கத் தொடங்கினார்கள். குழாயைப் பிடித்து இழுக்கிற பிஞ்சுக்கை பொம்மையின் காலைப் பிடித்துக்கொள்ளட்டும் என்பது எண்ணம். மருத்துவப் பலன் எவ்வளவு என்பதை மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். நாம் கவனித்தது வேறு. ஒரு காசு வாங்காத அந்தப் பொம்மைக்கு அவர்கள் விதித்த தரம்: சுத்தப் பருத்தி நூல்தான், இழுத்து அளந்தால் கால் 22 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தாங்க வேண்டும். விலை போட்ட சரக்கில் நாம் இவ்வளவு பார்க்கிறோமா?

பெண்கள் பின்னியதை விற்கவே கூடாது என்று சொல்ல நாம் யார்? அடுப்பு எரிய அந்த வருமானம் வேண்டிய வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. நாம் சொல்வது இரண்டும் இரண்டு வியாபாரம் என்பதுதான். கணக்கப்பிள்ளை மகளுக்குக் காது பாதியாகப் பின்னிய பூனைக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் வாங்குபவர். அந்த ஆள் காசு கொடுக்க மாட்டார். அதை எடுத்து அறுபதால் பெருக்கினால் பூனையும் போகும், பின்னியவரும் போய்விடுவார். ஆகவே உறவினர் வீட்டில் இப்படி ஒன்றைப் பார்த்தால் "விக்கலாமே" என்ற வார்த்தையை வாயிலேயே அடக்கிக்கொள்ளுங்கள். நாம் வணிகர்கள், நாம் சொன்னால் அது பாராட்டு மாதிரி கேட்காது, கொள்முதல் மாதிரி கேட்கும்.

விற்கவே வந்து நிற்கிற பெண்ணிடம் வேறு முறை. "வச்சிட்டுப் போங்க, வித்தா காசு" என்பதை விட்டுவிடுங்கள். அப்பளத்துக்கும் அப்படிச் செய்கிறோம், ஊறுகாய்க்கும் அப்படிச் செய்கிறோம். பெரிய கம்பெனிக்காரன் சரக்குக்கு மட்டும் முன்பணம் கட்டுகிறோம். இரண்டு உருப்படி வாங்கினாலும் ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். எத்தனை மணி ஆயிற்று என்று கேளுங்கள். உங்கள் கடைப் பையனுக்கு ஒரு மணிக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதைக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். வரும் தொகையைக் கண்டு உங்களுக்குத் தலை சுற்றும். அந்த விலைக்கு ஓடாது என்றால் ஓடாது என்று நேராகச் சொல்லிவிடலாம், அதில் தப்பில்லை. கூலி வரியை அழித்துவிட்டு ஓடவைப்பதில்தான் தப்பு.

வியாபாரம் வேண்டும் என்றால் சாமானில் இருக்கிறது. 2016இல் சென்னையில் குரோஷா பின்னும் பெண்கள் கூடி, பதினோராயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள போர்வையைச் சேர்த்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அவ்வளவு நூல் யாரோ விற்றதுதானே? நம் ஊரில் இரண்டரை மில்லிமீட்டர் கொக்கி ஊசி வேண்டுமென்றால் துணைவியார் மதுரைக்குச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் தபாலில் வரவழைக்கிறார். பக்கத்தில் ராஜபாளையத்தில் அத்தனை நூற்பாலை இருந்தும், தறிக்கும் பனியனுக்கும் போகும் மெல்லிய நூல்தான் கோன் கோனாகக் கிடைக்கிறது. நான்கு இழை, எட்டு இழை சேர்த்து முறுக்கிய சின்ன உருண்டை நம் கடைவீதியில் கண்ணில் படவில்லை. பிள்ளைகள் பென்சில் வாங்க வரும் ஸ்டேஷனரிக் கடைக்காரர்கள் பத்து நிறத்தில் வைத்துப் பார்க்கலாம். கெட்டுப்போகிற சரக்கல்ல, வண்டு விழாது.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் கம்பெனிகளுக்கு ஸ்டால் கொடுக்கிறோம். அடுத்த முறை வாசலருகில் இரண்டு மேசையைக் கைவேலை செய்யும் பெண்களுக்கு வாடகையில்லாமல் ஒதுக்கலாம். கைவினைஞர் பதிவுக்கு விண்ணப்பிக்க யாருக்காவது உதவி வேண்டுமென்றால் சங்க அலுவலகப் பையனே எழுதிக் கொடுக்கலாம். நமக்கு வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவனுக்கு இது பெரிய வேலையல்ல.

தங்கை பேரனுக்கு ஆமை போய்ச் சேர்ந்துவிட்டது. தாமதமாகப் போனதால் ஓடு மட்டும் இரண்டு நிறம், வட்டி என்றார் துணைவியார். இப்போது ஒட்டகச்சிவிங்கி ஒன்று நடக்கிறது. கழுத்தே நாலு நாளாக வளர்ந்துகொண்டிருக்கிறது. யாருக்கு என்று நமக்கு இன்னும் சொல்லப்படவில்லை. அங்கன்வாடிக்குப் போன யானைகளில் ஒன்று மட்டும் நம் கடைக் கல்லாப்பெட்டி மேல் இருக்கிறது. கொள்முதலுக்கு வரும் அன்பர்கள் எடுத்துப் பார்க்கலாம். விலை மட்டும் கேட்க வேண்டாம்.